சாயமேற்றிய நூலுக்கு மென்மை தருதல்

சாயமேற்றி உலர்த்திய சிட்டம் கைக்கு மொரமொரப்பாக இருப்பின், "எண்ணெய் போதவில்லை" என்று கூறுவது நம் நெசவாள நண்பர்களிடையே வழக்கமாயுள்ளது. பெரும்பாலும் இது பிழையான முடிவு. நூலினுள் தங்கிவிட்ட சோடாவும் உப்பும் பற்றாத சாயமுமே விறைப்பிற்குக் காரணம். அவற்றை அகற்றாமல் மென்மைப்பொருளை ஏற்றுவது, அழுக்குத் துணியின்மீது அத்தர் தெளிப்பதை ஒக்கும்.

1956-இல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயவகை இன்று பருத்தி நூலுக்குப் பரவலாகப் பயன்பட்டு வருகிறது. இதில் நாரோடு பிணைந்த பகுதி போக, எஞ்சிய சாயம் நூலின்மேல் வெறுமனே ஒட்டி நிற்கும். எனவே சிட்டங்களை முதலில் குளிர்நீரிலும், பின் வெதுவெதுப்பான நீரிலும் அலசவேண்டும். அடுத்துச் சிறிதளவு அசிட்டிக் அமிலம் கலந்த நீரில் காரத்தை முறித்து, கொதிநிலையை நெருங்கிய சூட்டில் சோப்புக் கரைசலில் பத்து நிமிடமேனும் புரட்டி, நீர் தெளிந்து வரும்வரை அலசுதல் வேண்டும். விறகுச் செலவை எண்ணி இச்சோப்பு வேலையைக் கைவிடும் பட்டறைகளும் உள. சாயம் ஓடித் துணி திரும்பி வருங்கால், மிச்சப்பட்ட விறகு யார் நினைவிலும் இராது.

அசிட்டிக் அமிலத்திற்குப் பதிலாக, மலிவு கருதிக் கந்தக அமிலத்தை நாடலாகாது. முன்னது உலரும்போது ஆவியாகிவிடும். பின்னதோ நூலில் சிறிது தங்கினாலும், நீர் வற்ற வற்றச் செறிவு மிகுந்து பருத்தி நாரை அரித்துவிடும். பார்வைக்கு நிறம் நன்றாகவே இருக்கும்; தறியேறிய பின்னரே இழைகள் அறத் தொடங்கும். எந்த அமிலமாயினும், அமிலத்தை நீரில் ஊற்றுக. நீரை அமிலத்தில் ஊற்றற்க.

இனி மென்மைப்பொருளுக்கு வருவோம். நம் பட்டறைகள் நெடுங்காலமாக அறிந்த டர்க்கி ரெட் ஆயில், கந்தக அமிலத்தால் பதப்படுத்திய ஆமணக்கெண்ணெயே. ஆமணக்குப் பயிரிடும் அங்கத்தினர்கள் இதனை அறிந்து மகிழலாம். இது சோப்போடு ஒத்துப்போகும். ஆனால் சலவையில் எளிதில் நீங்கிவிடும். இக்காலத்தில் விற்கப்படும் கேட்டயானிக் வகையோ நேர்மின்னூட்டம் உடையது. நீரில் எதிர்மின்னூட்டம் கொள்ளும் பருத்தியை இறுகப் பற்றும். அதே காரணத்தால் சோப்பையோ டர்க்கி ரெட் ஆயிலையோ சந்தித்தால் திரிந்து, பிசுபிசுத்த கறைகளாக நூலில் படியும். ஆகவே சோப்பு முற்றும் நீங்கிய நூலையே, நன்கு கழுவிய தொட்டியில் இடவேண்டும்.

பத்துக் கிலோ நூலுக்கு நூறு முதல் இருநூறு கிராம் வரை பெரும்பாலும் போதும். எனினும் விற்போர் தரும் அளவுக்குறிப்பே முடிவானது. செதில் வடிவில் உள்ளதைத் தனியே வெந்நீரில் கரைத்து வடிகட்டி, 40 டிகிரி சூடுள்ள, புளிப்புச் சற்றே மேலிட்ட நீரில் சேர்த்து, இருபது நிமிடம் சிட்டத்தைப் புரட்டி, பிழிந்து நிழலில் உலர்த்தலாம். சில சாயங்களின் சாயல் இதனால் மாறும். ஒரு சிறு கழியில் சோதித்தபின் மொத்தத்தையும் இறக்குவதே விவேகம்.

அளவு மிகுந்தால் கேடு வேறு வகையில் வரும். துண்டு நீரை உறிஞ்சாது. துவட்டிக்கொள்ள வாங்கியவர் மீண்டும் நம்மிடம் வாங்கமாட்டார். பாவு நூலிற் கஞ்சி சரிவரப் பற்றாது, தறியில் இழை சிலிர்க்கும். ஆதலின் பாவுக்கு மிகக் குறைவாகவே இடுக; நெய்து கஞ்சி நீக்கியபின் துணிக்கு மென்மை தருவது அதனினும் நன்று.

எஞ்சிய கரைசலை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுதல் கூடாது. கேட்டயானிக் பொருள் மீன்களுக்கு நஞ்சு. சாய உப்போ நிலத்தை உவராக்கும். நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி உழவர் பட்ட துன்பமும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நாம் அறிந்தவையே. நம் சங்கத்தில் நெய்வோரும் உழுவோரும் ஒருங்கே அங்கத்தினர்கள். மென்மைத் தொட்டியின் நீரையும் சாயநீரோடு சேர்த்தே சுத்திகரிப்புக்கு அனுப்புமாறு பட்டறைப் பொறுப்பாளர்களை வேண்டுகிறோம்.