வாளோடு கேடயமா, இருகை வாளா?

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, தாளும் எழுதுகோலும் பகடைகளும் கொண்டு, ஒரு வீரக்கதையைப் பேசியே நடத்திச் செல்லும் விளையாட்டு ஒன்று உண்டு. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் யாத்த இவ்விளையாட்டு 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரைப் படைத்துக்கொள்வர். ஒருவர் மட்டும் கதையை நடத்துபவராக இருந்து காட்டையும் குகையையும் பகைவரையும் தம் சொல்லால் எழுப்பிக் காட்டுவார். இன்று கணிப்பொறியில் ஆடப்பெறும் வீரக்கதை விளையாட்டுகள் பலவற்றுக்கு இதுவே தாய் எனலாம்.

இதனைப் புதிதாக ஆடப் புகும் மாணவர் முதற்கண் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றேயாகும்: எந்தப் படைக்கலம் சிறந்தது? எந்தக் கவசம் சிறந்தது? விதிநூலில் பட்டியல் இருக்கின்றது. பட்டியலில் எண்கள் இருக்கின்றன. பெரிய எண்ணை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அங்ஙனம் எடுத்தவர் கதையின் நடுவே தம் தோழரை இழந்து நிற்பதும் உண்டு. கதைமாந்தர் இறந்தால் அவரோடு மாதக்கணக்கில் வளர்ந்த கதையும் முடிந்துபோகும் என்பதை ஆடியவர் அறிவர். ஆதலின் இத்தெரிவைச் சற்றே நுணுகிக் காண்போம். விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவன. 2024ஆம் ஆண்டிலும் திருத்தம் பெற்றன. நாம் இங்கு எடுத்துக்கொள்வது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையே.

தாக்குதல் நடைபெறும் முறை எளிது. தாக்குபவர் இருபது முகமுடைய பகடை ஒன்றை உருட்டுகிறார். விழுந்த எண்ணோடு தம் திறனுக்குரிய எண்ணைக் கூட்டுகிறார். அத்தொகை எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி படும்; எட்டாவிட்டால் படாது. அடி பட்டபின் படைக்கலத்துக்குரிய பகடையை உருட்டிச் சேதத்தைக் கணக்கிடுவர். எனவே கவசம் அடியின் வலியைக் குறைப்பதில்லை. அடி படும் வாய்ப்பையே குறைக்கின்றது. இந்த ஒன்றை மறந்தவர் கணக்கு முழுவதும் பிழையாகும்.

போர்வீரன் ஒருவனைப் படைக்கும்பொழுதே விதிநூல் இருவழியில் ஒன்றைத் தெரிந்துகொள்ளச் சொல்கின்றது: ஒரு படைக்கலமும் கேடயமும், அல்லது இரண்டு படைக்கலங்கள். முன்னதைத் தெரிந்தவன் நெடுவாளை ஒரு கையிலும் கேடயத்தை மறு கையிலும் ஏந்துவான். பின்னதைத் தெரிந்தவன் பெரும்பாலும் இருகையாலும் பிடிக்கும் பெருவாளை நாடுவான். நெடுவாளுக்கு எண்முகப் பகடை ஒன்று. அதன் சராசரி 4.5. பெருவாளுக்கு அறுமுகப் பகடை இரண்டு, சராசரி 7. இளைஞர் கண் பெருவாளின்மீது விழுவதில் வியப்பில்லை.

இனி எதிரியைப் பார்ப்போம். தொடக்க நிலையில் அடிக்கடி எதிர்ப்படுவது காப்ளின் என்னும் குறளுருவம். அதன் உயிர்ப்புள்ளிகள் 7. கவச எண் 15. வலிமைக்கு 3 கூட்டிக்கொள்ளும் வீரனின் நெடுவாள் பட்டால், அந்த ஓரடியிலேயே காப்ளின் வீழ்வதற்கு எண்முகப் பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். எட்டில் ஐந்து முறை அது நிகழும். பெருவாள் பட்டால் முப்பத்தாறில் முப்பத்து மூன்று முறை காப்ளின் வீழும். வேறுபாடு பெரிதே, மறுப்பதற்கில்லை. ஆனால் இவ்வீரன் தன் பயிற்சி முறையாக ஒருகைப் போரைத் தெரிந்திருந்தால் நெடுவாளின் சேதத்தோடு மேலும் 2 கூடும். அப்பொழுது பகடையில் 2 விழுந்தாலே போதும். எட்டில் ஏழு முறை காப்ளின் வீழ்ந்துவிடும். ஏழு புள்ளி உயிருள்ள ஒன்றைப் பதினைந்து புள்ளி வலியோடு வெட்டுவதால் அது இருமுறை இறக்கப்போவதில்லை. பெருவாளின் உண்மையான பயன் 59 உயிர்ப்புள்ளிகளோடு வரும் ஓகர் போன்ற பேருருக்களிடமே தெரியும்.

கேடயம் தருவது என்ன? கவச எண்ணில் வெறும் 2. 'இரண்டுதானே' என்று இகழ்வோர் உளர். காப்ளின் தன் தாக்குதலில் கூட்டிக்கொள்வது 4. வளையக் கவசம் அணிந்த வீரனின் கவச எண் 16. எனவே காப்ளினின் பகடையில் 12 முதல் 20 வரை எது விழுந்தாலும் அடி படும். இருபதில் ஒன்பது வாய்ப்பு. கேடயம் சேர்ந்து 18 ஆனால் இருபதில் ஏழு. பிற்காலத்தில் தகட்டுக் கவசம் வாங்கிக் கேடயத்தோடு 20 ஆனால் இருபதில் ஐந்து. மாயக் கேடயம் ஒன்று கிடைத்து 22 ஆனால் இருபதில் மூன்று. ஒவ்வொரு படியிலும் ஏறியது அதே இரண்டுதான். ஆயினும் ஒன்பது ஏழாகும்பொழுது படும் அடிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று குறைகின்றது. ஐந்து மூன்றாகும்பொழுது ஐந்தில் இரண்டு குறைகின்றது. கவச எண் ஏற ஏற அடுத்த இரண்டின் மதிப்பும் ஏறுகின்றது. மாணவர் பலர் இதற்கு நேர்மாறாகவே எண்ணியிருக்கக் கண்டோம்.

கணக்கு இவ்வளவோடு நின்றால் அது வீரன் ஒருவனைப் பற்றியதாகவே முடியும். அவன் பின்னே நிற்பவரை எண்ணிப் பாருங்கள். மந்திரவாதி கவசம் அணியப் பயிலாதவர். பயிலாத கவசத்தை அணிந்தால் மந்திரமே செலுத்த இயலாது என்பது விதி. அவரது கவச எண் 12 அளவில் இருக்கும். முதல் நிலையில் உயிர்ப்புள்ளிகள் 7 அளவில் இருக்கும். அவரைக் காப்ளின் தாக்கினால் இருபதில் பதின்மூன்று முறை அடி படும். ஓரடியின் சராசரி 5.5. இரண்டடியில் அவர் கதை முடியும் நிலைக்கு வந்துவிடுவார். குறுகிய வாயிலில் கேடயத்தோடு ஒருவன் நின்றால் பகைவர் அவனைத் தாண்டியே மந்திரவாதியை அடைய வேண்டும். பெருவாள் ஏந்தியவனும் வாயிலில் நிற்கலாமே என்று கேட்கலாம். நிற்கலாம், ஆனால் எத்துணை நேரம் நிற்பான் என்பதே கேள்வி.

கவசப் பட்டியலுக்கு வருவோம். தகட்டுக் கவசத்தின் எண் 18. பட்டியலில் இதுவே உச்சம். விலை 1500 பொற்காசு. பொருள்களை விலைக்கு வாங்கித் தொடங்கும் வீரனுக்கு முதலில் கிடைப்பது நான்முகப் பகடை ஐந்தின் தொகையைப் பத்தால் பெருக்கிய பொன். எவ்வளவு நற்பேறு இருந்தாலும் 200ஐத் தாண்டாது. வளையக் கவசம் 75, நெடுவாள் 15, கேடயம் 10 ஆக 100 பொன்னில் ஒருவன் தக்க முறையில் போருக்கு ஆயத்தமாகிவிடலாம். தகட்டுக் கவசம் அணிய வலிமை 15 வேண்டும். இல்லையேல் நடை தளரும். அதனை அணிந்து ஒளிந்து செல்ல முயன்றால் பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணையே கொள்ள வேண்டும். இருமுறைக்கு ஒருமுறை வெல்லும் முயற்சி நான்குமுறைக்கு ஒருமுறை வெல்லும் முயற்சியாகிவிடுகின்றது. இரவில் பகைவர் பாசறைக்குள் நுழைய வேண்டிய கதையில் குழுவின் சிறந்த கவசமே குழுவைக் காட்டிக்கொடுக்கும். ஓசை எழுப்பாத மார்புக் கவசம் 400 பொன். அதன் எண் 14, அத்தோடு உடல் விரைவுக்கு 2 வரை கூட்டிக்கொள்ளலாம். தோற்கவசத்தின் எண் 11தான் எனினும் விரைவை முழுவதும் கூட்டிக்கொள்ள இடந்தருவது. ஆதலின் உளவாளிக்கு அதுவே ஏற்றது. அவரிடம் பெருவாளைக் கொடுத்தாலும் பயனில்லை. மறைந்திருந்து தாக்கும் அவரது தனித்திறன் மெல்லிய வாளிலும் அம்பிலுமே செல்லும்.

இங்கே ஒன்றை இடையிட்டுச் சொல்ல வேண்டும். கவசத்திற்கு மெய்ம்மறை என்னும் அழகிய பழஞ்சொல் நம்மிடம் இருக்க, இவ்விளையாட்டின் பட்டியலைத் தமிழில் சொல்லப் புகுவோர் அதனைப் பயன்கொள்ளாதது வருத்தமே. பட்டியலும் வரலாற்றை அப்படியே பின்பற்றியதன்று. அதில் தகட்டுக் கவசத்தின் எடை 65 பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 29 கிலோ. ஐரோப்பியப் போர்க்களங்களில் அணியப்பெற்றவை பொதுவாக 15 முதல் 25 கிலோ வரையின. அவற்றை அணிந்தவர் எழவும் ஓடவும் குதிரையேறவும் வல்லவராயிருந்தனர். ஆணி பதித்த தோற்கவசம் என்று ஒன்று பட்டியலில் உண்டு. உள்ளே இரும்புத் தகடு வைத்துத் தைத்த கவசத்தின் வெளிப்புற ஆணிகளைப் படத்தில் கண்டு பிறழ உணர்ந்ததன் விளைவு அது என்பர் படைக்கல ஆய்வாளர்.

எதிரியை அறியாமல் படைக்கலம் தெரிவதும் வீணே. எலும்புக்கூட்டுப் பகைவனின் உயிர்ப்புள்ளிகள் 13. அதன்மீது மோதுகருவி பட்டால் சேதம் இரட்டிக்கும். ஐந்தே பொன் விலையுள்ள தண்டாயுதத்தின் சராசரி 3.5, வலிமையின் 3ஐச் சேர்த்து இரட்டித்தால் 13. ஐம்பது பொன் பெறும் பெருவாளின் சராசரி வலிமையோடு 10தான். ஓநாய் மனிதனிடமோ வெள்ளி பூசாத, மாயமற்ற படைக்கலம் எதுவும் செல்லாது. கல்லறைக்குள் இறங்கும் முன் இடைவாரில் ஒரு தண்டாயுதத்தைச் செருகிக்கொள்ளும் வீரனைத் தோழர் நகையாடலாம். வெளியே வரும்பொழுது நகையாடமாட்டார்.

மாயப் படைக்கலங்களைப் பற்றிப் பேசப் பெரிதாக ஒன்றுமில்லை; கிடைப்பதை வைத்து ஆட வேண்டியதுதான். ஒன்றை மட்டும் குறிப்போம். வெறிக்கோடரி என்று ஒரு கோடரி உண்டு. தாக்கவும் சேதம் செய்யவும் 1 கூடும். ஏந்தியவனின் உயிர்ப்புள்ளிகளும் நிலைக்கு ஒன்றாக ஏறும். எண்களை மட்டும் பார்ப்பவர் அதனைக் கையிலெடுக்கத் தயங்கார். ஆனால் அது சாபமேறியது. எடுத்தவனுக்கு அதனை விட மனம் வராது. பகைவர் அவனைக் காயப்படுத்தும்பொழுதெல்லாம் அவன் பகடை உருட்டி 15ஐ எட்ட வேண்டும். எட்டாவிட்டால் வெறி பிடித்துத் தனக்கு மிக அருகில் நிற்பவரை வெட்டுவான். முன்வரிசைப் போரில் பகைவன் வீழ்ந்த மறுநொடி அருகில் நிற்பவர் பெரும்பாலும் காயத்துக்கு மருந்திட ஓடிவந்த தோழரே. சாபத்தை நீக்கும் மந்திரம் மூன்றாம் படியைச் சேர்ந்தது. ஐந்தாம் நிலையை எட்டாத குழுவில் அதனைச் செலுத்த ஒருவரும் இரார். அதுவரை அவனை வரிசையில் எங்கே நிறுத்துவது, யார் அவன் அருகில் நிற்பது என்பதை ஏனையோர் ஒவ்வொரு போருக்கு முன்னும் கூடிப் பேசித்தான் ஆக வேண்டும்.