சிவப்புத் துணி கட்டிய வீடுகள்

பசிபிக் மாகடலில், ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிறிஸ்தவ மக்கள் வாழும் சிறு நாடு சமோவா. 2018 ஜூலையில் அங்கே இரு கைக்குழந்தைகள் தட்டம்மைத் தடுப்பூசி போட்டவுடன் இறந்தன. மருந்துத் தூளைக் கரைக்கும் நீருக்குப் பதிலாக, அறுவைச் சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தப் பயன்படும் மருந்தைச் செவிலியர் தவறுதலாகக் கலந்துவிட்டனர். தடுப்பு மருந்தில் குற்றமில்லை. ஆயினும் அரசு ஊசித் திட்டத்தையே பல மாதங்கள் நிறுத்தியது. மீண்டும் தொடங்கியபோதும் பெற்றோரின் அச்சம் தீரவில்லை. அவ்வாண்டு ஊசி பெற்ற குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் 31 பேரே.

அந்த அச்சத்தை இகழ நமக்கு மனம் வரவில்லை. அண்டை வீட்டுத் தொட்டில் வெறுமையானால் நாமும் தயங்கியிருப்போம்.

ஆனால் நோய் தயங்குவதில்லை. தட்டம்மை (நம் பாட்டிமார் மணல்வாரி என்பர்) காற்றில் பரவுவது. நோயாளியை நெருங்கிய, தடுப்பாற்றல் இல்லாத பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பற்றிக்கொள்ளும். 2019 இறுதியில் அது சமோவாவுக்குள் புகுந்தது. சில மாதங்களில் 5,700 பேர் நோயுற்றனர். 1,800-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 83 பேர் மாண்டனர். மாண்டவருள் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். பிழைத்த பிள்ளைகளுக்கும் முழு விடுதலை இல்லை. பிற நோய்களை எதிர்க்க உடல் முன்னரே பெற்றிருந்த ஆற்றலில் ஒரு பகுதியைத் தட்டம்மை அழித்துவிடுகிறது.

டிசம்பர் 5, 6 ஆகிய நாட்களில் அரசு அலுவலகங்களை மூடி, ஊழியர் வீடு வீடாகச் சென்றனர். ஊசி போடாதவர் இருந்த வீட்டார் வாசலில் சிவப்புத் துணி கட்டிக் காத்திருந்தனர். ஆண்டு முடியுமுன் சுமார் 95 விழுக்காட்டினர் ஊசி பெற்றனர். கிறிஸ்து பிறப்பு விழா கழிந்த சில நாட்களில் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது.