பூட்டி வைத்த நஞ்சு

விடியற்காலையில் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குச் சென்றால் மல்லிகை மொட்டுகள் குவியல் குவியலாகக் கிடப்பதைக் காணலாம். ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். சில மொட்டுகளில் சிறு துளை தெரியும். அது மொட்டுப்புழுவின் வேலை. அதைக் கொல்ல விவசாயி மருந்து தெளிக்கிறார். ஆனால் அந்த மொட்டுகளைப் பறிப்பதும் தொடுப்பதும் வெறும் விரல்கள் அல்லவா? புழுவைக் கொன்று விரலுக்குத் தீங்கு செய்யாத நஞ்சு உண்டா?

உண்டு. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா அதைத் தயாரிக்கிறது. 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர், நோயுற்று மடிந்த பட்டுப்புழுக்களில் இதைக் கண்டார். 1911இல் ஜெர்மனியில் பெர்லினர், மாவுப்பூச்சியின் புழுக்களில் கண்டறிந்தார். துரிஞ்சியா என்ற பகுதியின் பெயரால் இது 'பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' எனப்பட்டது. சுருக்கமாக பி.டி. என்போம்.

இந்தப் பாக்டீரியா உணவு குறையும்போது தன்னுள் ஒரு வித்தை உண்டாக்கிக்கொள்கிறது. கூடவே ஒரு புரதப் படிகமும் உருவாகிறது. படிகந்தான் நஞ்சு, ஆனால் பூட்டி வைத்த நஞ்சு. அந்துப்பூச்சிப் புழுவின் குடல் மிகுந்த காரத்தன்மை உடையது. அக்காரத்தில் படிகம் கரைகிறது. குடலிலுள்ள நொதிகள் அப்புரதத்தை வெட்டிக் கூராக்குகின்றன. பிறகு அது குடற்சுவரிலுள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில், பூட்டில் சாவிபோல் பொருந்தி, உயிரணுவில் துளையிடுகிறது.

இனி நடப்பது இயற்பியல். உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் உப்புகிறதல்லவா? அதுபோலச் சவ்வூடு பரவலால் நீர் உட்புகுந்து உயிரணு வெடிக்கிறது. புழு தின்பதை நிறுத்தி, சில நாட்களில் மடிகிறது. நம் வயிற்றில் இருப்பதோ அமிலம். அந்த ஏற்பிகளும் நமக்கு இல்லை.

ஆனால் இம்மருந்து தொட்டால் கொல்லாது. புழு அதைத் தின்ன வேண்டும். மொட்டைத் துளைத்து உள்ளே சென்றுவிட்ட புழுவை அது எட்டாது. மேலும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதைச் சில நாட்களில் சிதைத்துவிடும். ஆகவே புழு உட்புகும் முன்பே, மாலை வேளையில் தெளிப்பது நல்லது.

இக்குறைகளைத் தாண்டுவதற்காக, நஞ்சை உண்டாக்கும் மரபணுவையே பருத்திச் செடியில் புகுத்தினர். 2002இல் இந்தியா பி.டி. பருத்தியை அனுமதித்தது. இப்போது செடியே இரவும் பகலும் நஞ்சைத் தயாரித்தது. விளைவு என்ன? கோடிக்கணக்கான புழுக்களில், சாவி பொருந்தாத பூட்டுடைய ஒருசில பிழைத்துப் பெருகின. 2010இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, முதல்வகைப் பி.டி. பருத்தியை வென்றுவிட்டது உறுதியாயிற்று.

இதைத் தவிர்க்கவே பி.டி. விதையோடு சாதாரணப் பருத்தி விதையும் தனிப் பொட்டலமாகத் தரப்பட்டது. அச்செடிகளில் வளரும் சாதாரணப் பூச்சிகள், எதிர்ப்புத்திறன் பெற்றவற்றோடு கலந்தால் அத்திறன் பரவுவது தாமதமாகும். விளைச்சல் குறையுமே என்று அஞ்சிப் பலர் அதை விதைக்கவில்லை.

திருமங்கலம் கரிசலில் பருத்தி விதைப்பவரும், மல்லிகைக்கு மருந்தடிப்பவரும் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: நல்ல மருந்து கிடைத்தது என்று ஓயாமல் பயன்படுத்தினால், அது பயன்படாமலே போய்விடும். சாவியைத் தேய்த்துவிட்டால் பூட்டு திறக்காது.