சார்ட் பேப்பரைச் சுருட்டும் கை, வைக்கோலைச் சுருட்டும் மிஷின்

ஸ்டேஷனரி கடையில் சார்ட் பேப்பர் கேட்டால் கடைக்காரர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாக மடக்கி, ரெண்டு கையாலும் உருட்டி, ஒரு பக்கத்தை மேஜையில் தட்டி, ரப்பர் பேண்டு போட்டு நீட்டிவிடுவார். நாலைந்து செகண்டுதான். இதையே ஒரு இயந்திரம் தானாகச் செய்ய வேண்டுமென்றால் எவ்வளவு கஷ்டம்?

எனக்கு இந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் ராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் சேர்த்து ஒரே வரைபடத்தில் போட்டால் சின்னத் தாள் பத்தாது. மூன்று கிலோமீட்டர் அகலத்தை 1:4000 அளவில் வரைந்தாலே 75 செ.மீ. ஆகிறது. ஆக ஏ0 தாள் வேண்டும்: 841 மி.மீ. அகலம், 1189 மி.மீ. நீளம். மடித்தால் மடிப்பில் இழைகள் முறிந்து, கொஞ்ச வருடத்தில் அங்கேதான் முதலில் கிழியும். அதனால் சுருட்டத்தான் வேண்டும்.

கை இதில் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. ஓரத்தைப் பிடித்து முதல் சுற்றைத் தொடங்குகிறது. கோணாமல் பார்த்துக்கொள்கிறது. கடைசியில் விட்டுவிடுகிறது. இயந்திரத்துக்கு மூன்றும் தனித்தனித் தலைவலி.

கோணல் விஷயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாள் உள்ளே நுழையும்போது ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும், 1189 மி.மீ. சுற்றி முடிப்பதற்குள் ஓரம் சுமார் 21 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்துவிடும். குழாயின் ஒரு முனையில் ரெண்டு செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். கோரைப்பாயைச் சுருட்டும்போது இதே மாதிரி ஆனால், நிறுத்தி வைத்துத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். 80 ஜிஎஸ்எம் தாளை அப்படித் தட்டினால் ஓரம் நசுங்கும். எனவே இயந்திரத்தில் தாள் நுழையும் முன்பே ஒரு பக்கச் சட்டத்தில் இடித்து நேராக்கிக்கொள்ள வேண்டும்.

தாளுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. ஆலையில் செய்த காகிதத்தில் இழைகள் பெரும்பாலும் இயந்திரம் ஓடிய திசையிலேயே படுத்திருக்கும். அந்தத் திசையைக் குழாயின் நீளவாக்கில் வைத்துச் சுருட்டினால் இழைகள் வளைய வேண்டியதில்லை, தாள் சுலபமாகச் சுருளும். மாற்றி வைத்தால் எதிர்த்து நிற்கும். தடிமன் இன்னும் மோசம்: தடிமன் இரண்டு மடங்கானால் வளைக்கத் தேவையான விசை எட்டு மடங்காகும். டிரேசிங் பேப்பருக்குச் சரியாக அமைத்த மிஷின் சார்ட் பேப்பருக்குத் திணறுவது இதனால்தான்.

சுருட்டும் முறைகளை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதல் குடும்பத்தில் நடுவில் ஒரு தண்டு இருக்கும். தண்டில் ஒரு பிளவு, அதில் தாளின் ஓரத்தைச் செருகிச் சுழற்றுவது. நூற்பாலைகளில் நூல் சுற்றும் காகிதக் கூம்புகள் இந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு. வெட்டிய தாளில் பசை தடவி, கூம்பு வடிவத் தண்டில் சுற்றிச் செய்கிறார்கள். அந்தக் கூம்பின் சரிவுக்கு 3°30', 4°20', 5°57' என்று நிலையான அளவுகளே உண்டு. பசை இருப்பதால் அங்கே தாள் விரிந்துகொள்ளாது. கூம்பு என்பதால் தண்டிலிருந்து கழற்றுவதும் சுலபம். வரைபடத்துக்குப் பசை கிடையாது, கூம்பும் கிடையாது. இறுக்கமாகச் சுற்றிய தாளிலிருந்து நேரான தண்டை உருவும்போது உள்சுற்றும் கூடவே வந்துவிடும். அதைத் தவிர்க்க, சுற்றி முடித்ததும் சற்றே சுருங்கும் தண்டு வேண்டும். அதற்கு விலை ஏறும்.

சிவகாசி வெடிக் குழல்களும் இந்தக் குடும்பம்தான். அங்கே காகிதத்தை ஒரு கம்பியில் வைத்து, பசை தடவி உருட்டி, காயவைத்து எடுக்கிறார்கள். பல அடுக்குகள் ஒட்டிக்கொள்வதால் குழல் அழுத்தத்தைத் தாங்கும். வெற்றுக் குழலில் மருந்து இல்லை. ஆகவே அதை உருட்டத் தொழிற்சாலைக் கொட்டகை தேவையில்லை, வீட்டுத் திண்ணை போதும். சிக்கலே அங்கேதான். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-ல், தயாரிப்பு நடக்கும் இடத்தில் குழந்தைகள் கூடாது, தள்ளி நடக்கும் பேக்கிங் வேலையில் அமர்த்தலாம் என்றது. 1996 டிசம்பர் 10 தீர்ப்பில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி என்று வீட்டுக்குள் போய்விட்ட வேலையில் யாருடைய விரல் உருட்டுகிறது என்று எந்த அதிகாரி எண்ணிப் பார்க்க முடியும்? குழல் சுற்றும் மிஷினை வெறும் வேக விஷயமாக மட்டும் என்னால் பார்க்க முடியாதது இதனால்தான். அதே மிஷின் அந்த வீட்டுப் பெண்ணின் வருமானத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. ரெண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

இரண்டாவது குடும்பத்தில் நடுவில் ஒன்றுமே இல்லை. வெளியிலிருந்து உருட்டுவது. இதைப் பார்க்க எங்கேயும் போக வேண்டாம், அறுவடை முடிந்த நெல் வயலுக்குப் போனால் போதும். டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப் போகிறார்களே, வைக்கோலை உருளையாகக் கட்டும் மிஷின், அதேதான். உள்ளே வட்டமாக உருளைகள் சுழல்கின்றன. நுழைந்த வைக்கோல் எல்லாப் பக்கமும் தள்ளப்பட்டு, தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. நிறைந்ததும் சணல் கயிறு சுற்றி, பின்கதவு திறந்து, கட்டு கீழே விழுகிறது. விடுவிப்பது என்ற மூன்றாவது தலைவலி இதில் சுத்தமாக இல்லை, உருவ வேண்டிய தண்டே இல்லையே.

தாளுக்கும் இதே அமைப்பு பொருந்தும் என்பது என் கருத்து. உருளைகளுக்குப் பதில், ரெண்டு உருளைகளுக்கு நடுவே தொட்டில் மாதிரித் தொங்கும் ஒரு பெல்ட். கையால் சிகரெட் சுருட்டும் சின்னக் கருவியில் இருக்கும் துணியைப் பெரிதாக்கினால் அதுதான். கஷ்டம் முதல் சுற்றில் மட்டும். வைக்கோல் தாறுமாறாக நுழைந்தாலும் சுருண்டுவிடும். தாள் அப்படியல்ல, முன் ஓரம் வளையாமல் நேராகப் போய் இடித்து மடங்கும். அதற்கு நுழைவாயிலில் வளைந்த தகடு ஒன்று வைத்து, ஓரத்தை முன்கூட்டியே வளைத்து அனுப்ப வேண்டும். கடைக்காரர் கட்டைவிரலால் செய்தது இதைத்தான்.

ஒரு நாளைக்குப் பத்து பிளான் பிரிண்ட் போடும் செஞ்சிக் கடைக்கு மோட்டார், சென்சார் எல்லாம் அதிகம். பெல்ட் தொட்டிலும், பக்கச் சட்டமும், ஒரு கைப்பிடியும் இருந்தால் போதும். தானியங்கி வேலையெல்லாம் ஆயிரக்கணக்கில் போஸ்டர் அடிக்கும் அச்சகத்துக்குத்தான் கட்டுபடியாகும்.

பழைய கிராம வரைபடம் ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் இந்த ரெண்டு வகை மிஷினிலும் விடாதீர்கள். அதைக் குழாய்க்குள் திணிக்காமல், குறைந்தது 10 செ.மீ. விட்டமுள்ள அட்டைக் குழாயின் வெளிப்புறத்தில் தளர்வாகச் சுற்ற வேண்டும். அந்த அளவில் ஏ0 தாள் நாலு சுற்றுக்குள் அடங்கிவிடும். அட்டைக்கும் படத்துக்கும் நடுவே அமிலமில்லாத தாள் ஒரு சுற்று போடுங்கள். பிளம்பர் மீதி வைத்துவிட்டுப் போன பிவிசி பைப் மட்டும் வேண்டாம். நாளாக ஆக அது அமிலத்தை வெளியிட்டு, சுற்றிய தாளையே அரிக்கும்.