பல வாசல்கள், ஒரே காவல்

சுவிட்சர்லாந்தின் கிழக்கே எங்கடின் பள்ளத்தாக்கில், இன் நதியையும் அதில் கலக்கும் ஸ்பொல் ஆற்றையும் கொண்டு மின்சாரம் எடுக்கிறது 1954இல் தொடங்கப்பட்ட எங்கடின் மின் நிறுவனம். ஓவா ஸ்பின், பிரடெல்லா, மார்ட்டினா என அதன் மின் நிலையங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கின்றன. 130 மீட்டர் உயரமுள்ள புன்ட் தல் கால் அணையோ இத்தாலி எல்லையில் இருக்கிறது. இப்படிப் பரந்து கிடக்கும் எந்த நிறுவனத்திலும் கணினி வலையமைப்புக்கு வாசல்கள் அதிகம். சுவரில் உள்ள ஒவ்வொரு கேபிள் இணைப்பும், ஒவ்வொரு வைஃபை கருவியும் ஒரு வாசல்தான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பூட்டுப் போட்டால், ஏதாவது ஒன்று திறந்தே கிடக்கும்.

இதற்கான தீர்வே மையப்படுத்திய நுழைவுக் கட்டுப்பாடு. இதன் அடிப்படை, 2001இல் வெளிவந்த 802.1எக்ஸ் என்ற தரநிலை. வெளியிலிருந்து வந்த பழுதுநீக்குநர் ஒருவர் மின் நிலையத்தின் வலையமைப்புச் சுவிட்சில் தம் லேப்டாப்பைச் செருகுகிறார் என்று கொள்வோம். சுவிட்ச் உடனே வழிவிடாது, அடையாளம் கேட்கும். கடவுச்சொல்லோ டிஜிட்டல் சான்றிதழோ மையத்தில் உள்ள ரேடியஸ் என்ற சரிபார்ப்பு சர்வருக்குப் போகும். அவர் யார், அந்தக் கருவி யாருடையது என்று பார்த்து சர்வர் முடிவு சொல்லும். அனுமதி கிடைத்தாலும் அவருக்குத் திறப்பது அவர் வேலைக்குரிய பகுதி மட்டுமே. மதகுகளை இயக்கும் கணினிகள் அவர் கண்ணில் படாது.

முதல் நன்மை, விதி ஓரிடத்தில் எழுதப்பட்டு எல்லா இடத்திலும் ஒரேபோல நடப்பது. இரண்டாவது, எந்தக் கருவி எங்கே இணைந்திருக்கிறது என்ற பட்டியல் எப்போதும் கையில் இருப்பது. மூன்றாவதுதான் மிக முக்கியம்: கொடுத்த அனுமதியை உடனே திரும்பப் பெற முடியும். ஒருவர் வேலையை விட்டுப் போனாலோ லேப்டாப் தொலைந்தாலோ, ஒரே பதிவை நீக்கினால் எல்லா வாசலும் அடைபடும். அமெரிக்காவில் 2021இல் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் தாக்குநர்கள் நுழைந்தது, புழக்கத்தில் இல்லாதபோதும் நீக்கப்படாமல் விடப்பட்ட ஒரு கணக்கின் வழியாகத்தான்.

உள்ளே தடுப்பு இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினி வலையமைப்பு தாக்கப்பட்டது. 5 சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவு முடக்கப்பட, நோயாளிகளின் பதிவைக் கையால் எழுத வேண்டியதாயிற்று. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

சுவிட்சர்லாந்தில் மின் துறையினருக்குக் குறைந்தபட்சத் தகவல் பாதுகாப்புத் தரநிலை 2024 ஜூலை 1 முதல் சட்டப்படி கட்டாயம். நுழைவுக் கட்டுப்பாடும் அதில் அடங்கும். முக்கியக் கட்டமைப்புகளை நடத்துவோர் தாக்குதலைக் கண்டறிந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் 2025 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. யார், எப்போது, எந்த வாசல் வழியே வந்தார் என்ற குறிப்பு ஓரிடத்தில் இருந்தால்தான் இந்தக் கெடுவுக்குள் பதில் சொல்ல முடியும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. மைய சர்வர் நின்றால் புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. ஆகவே வேறோர் இடத்தில் மாற்று சர்வர் தேவை. அதே சர்வர் தாக்குநர் கையில் சிக்கினால் எல்லா வாசலும் அவர் வசம் என்பதால், அதற்குத்தான் காவலும் அதிகம் வேண்டும். பழைய உணரிகளுக்கும் பிரிண்டர்களுக்கும் சான்றிதழ் காட்டத் தெரியாது. அவற்றை வன்பொருள் முகவரியை வைத்து அனுமதிப்பது வழக்கம். அந்த முகவரியைப் போலியாக்குவது எளிது என்பதால் அவற்றைத் தனிப் பகுதியில் அடைத்து வைப்பதே பாதுகாப்பு. புதிதாக நிறுவும்போது முதலில் யாரையும் தடுக்காமல் கண்காணிக்க மட்டும் செய்து, விடுபட்ட கருவிகளைச் சேர்த்துவிட்டு, பிறகு பகுதி பகுதியாகத் தடுப்பைத் தொடங்குவதே நடைமுறை. முதல் நாளிலேயே முழுவதையும் பூட்டினால் வெளியே நிற்பது திருடனாக இராது, பணிக்கு வந்த ஊழியராகவே இருக்கும்.