கைப்பேசிச் செயலி பயிர் நோயைக் கண்டறிவது எப்படி?

பயிரின் இலையைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினால், இன்ன நோய் என்று சொல்லும் செயலிகள் இன்று பல வந்துள்ளன. அவை சொல்வதை அப்படியே நம்பி மருந்து வாங்கலாமா என்பது விவசாயிகள் பலரும் கேட்கும் கேள்வி. செயலி எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்பதைத் தெரிந்து கொண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

முதல் வேலை படம் சேகரிப்பது. நோயுற்ற இலை, நோயற்ற இலை ஆகியவற்றின் படங்கள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் உள்ள நோய் இன்னது என்று குறித்து, கணினிக்குக் கொடுத்துப் பழக்குகிறார்கள். நிறம், புள்ளி, சுருக்கம் ஆகிய அடையாளங்களைக் கணினி பிரித்தறியக் கற்றுக் கொள்கிறது. பின்னர் அது கைப்பேசிக்கு ஏற்ற அளவில் செயலியில் அமைக்கப்படுகிறது. ஆகவே, பழக்காத நோயைச் செயலி அறியாது. தனக்குத் தெரிந்த வேறொரு நோயின் பெயரைச் சொல்லி விடவும் கூடும்.

2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 14 பயிர்களைச் சேர்ந்த 54,306 இலைப் படங்கள் பயன்படுத்தப்பட்டன. அவற்றில் ஒரு பகுதியைக் கொண்டு பழக்கி, ஒதுக்கி வைத்த மற்ற படங்களைக் காட்டியபோது, கணினி 99 சதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோதோ சுமார் 31 சதமே சரியாக இருந்தது. பழக்கிய படங்கள், இலையைப் பறித்துத் தாளின் மேல் வைத்து எடுக்கப்பட்டவை. வயலில் வெயில், நிழல், காற்று, பின்னால் வேறு இலைகள் எல்லாம் குறுக்கிடுகின்றன.

இதை அறிந்த ஆய்வாளர்கள், மரவள்ளி நோய்களுக்கான செயலியை டான்சானியா நாட்டு வயலிலேயே வைத்து 720 நோயுற்ற சிற்றிலைகளில் சோதித்தனர். முடிவு 2019இல் வெளியாயிற்று. நோய் நன்கு தெரிந்த இலைகளின் படங்களிலேயே செயலியின் திறன் மதிப்பெண் 32 சதம் குறைந்தது. நோயுள்ள இலைகளை அது காணாமல் விட்டதே காரணம். எனவே, செயலி 'நோய் இல்லை' என்று சொன்னாலும் நிம்மதி கொள்ள வேண்டாம்.

தவறான பெயரால் வரும் நட்டம் சிறிதன்று. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளியைத் தாக்கும் தேமல் நோய், வெள்ளை ஈ மூலம் பரவும் நச்சுயிரி நோய். இதைப் பூஞ்சாண நோய் என்று கருதி மருந்து தெளித்தால் பணம்தான் வீண். நச்சுயிரியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோயற்ற செடியிலிருந்து விதைக்குச்சி எடுப்பதும், நோயுற்ற செடிகளை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழிப்பதுமே வழி.

செயலியைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை:

1. கடும் வெயிலைத் தவிர்த்து, ஒற்றை இலை தெளிவாகத் தெரியும்படி படம் எடுக்கவும்.

2. ஒரு செடியோடு நிறுத்தாமல், வயலின் ஐந்தாறு இடங்களில் படம் எடுக்கவும். செயலி இடத்துக்கு இடம் வேறு வேறு பெயர் சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

3. இலையின் அடிப்பக்கம், தண்டு, வேர் ஆகியவற்றை நேரில் பார்க்கவும்.

4. மருந்து வாங்குமுன், பாதித்த செடியுடன் தோட்டக்கலை அல்லது வேளாண்மை உதவி அலுவலரை அணுகவும். 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

செயலி நல்ல துணைதான். ஆனால், தெளிப்பானைத் தோளில் ஏற்றுமுன் செடியை நேரில் பார்த்து முடிவு செய்வதே நலம் பயக்கும்.