சட்டம் இருக்கிறது, உங்கள் கையில் ரசீது இருக்கிறதா?

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைப் பற்றிக் காவிரிப் படுகையில் பேச்செடுத்தால், “அதுதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்துவிட்டார்களே, இனி யார் தொட முடியும்?” என்ற பதில்தான் முதலில் வருகிறது. தாராசுரம், கும்பகோணம், திருவிடைமருதூர் வட்டாரத்தில் இந்த நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த நம்பிக்கையில்தான் குத்தகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் பஸ் ஏறுகிறார்கள். வயலில் எண்ணெய் படிந்த பிறகு, அதற்கு முன் தங்கள் தண்ணீர் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு காகிதம்கூட இல்லாமல் நிற்கிறார்கள். சட்டம் தேவைதான், அது நல்ல சட்டமும்கூட. ஆனால் அது எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்று தெரியாமல் அதன் நிழலில் படுத்துக்கொள்வது, சட்டமே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

முதலில் தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். பூமிக்கடியில் வெகு ஆழத்தில், இறுகிய பாறைக்குள் அடைபட்டிருக்கும் ஷேல் வாயு போன்ற எரிவாயு சாதாரணக் கிணறு போட்டால் மேலே வராது. தண்ணீர், மணல், ரசாயனம் கலந்த கரைசலை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்து எடுப்பதுதான் நீரியல் விரிசல் முறை. ஃபிராக்கிங் என்று சொல்வதும் இதைத்தான். ஒரு கிணற்றுக்கு ஏறத்தாழ 57 லட்சம் லிட்டரிலிருந்து 6 கோடி லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படலாம் என்கிறது அமெரிக்க நிலவியல் ஆய்வகம். உள்ளே போன கரைசலில் ஒரு பகுதி, ஆழத்திலுள்ள உப்பு நீரையும் கன உலோகங்களையும் சேர்த்துக்கொண்டு மேலே திரும்புகிறது. நிலக்கரிப் படுகை மீத்தேன் வேறு வகை. படுகையிலுள்ள நீரை இறைத்து வெளியேற்றினால்தான் அந்த வாயு விடுபடும். முதல் முறை நன்னீரைக் குடிக்கிறது, இரண்டாவது நிலத்தடி நீரை வற்றவைக்கிறது, இரண்டிலுமே கழிவுநீர் தரைக்கு வருகிறது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காத ஆண்டில் பம்புசெட்டை நம்பிக் குறுவை போடும் ஊருக்கு இவை எதுவுமே சிறிய சேதி அல்ல.

“வாயு இருப்பது ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே. குடிதண்ணீர் இருப்பது மேலே. இரண்டும் எப்படிக் கலக்கும்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல ஆண்டு ஆய்வுக்குப் பின் 2016 டிசம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கை, சில சூழ்நிலைகளில் இந்த முறை குடிநீர் ஆதாரங்களைப் பாதிக்கிறது என்று ஒப்புக்கொண்டது. நீர் குறைந்த காலத்தில் நீரை உறிஞ்சுவது, தரையில் ரசாயனம் சிந்துவது, கிணற்றின் இரும்புக் குழாயோ அதைச் சுற்றிய சிமென்ட்டோ பலவீனமாக இருப்பது, கழிவுநீரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவது, தளம் போடாத குழிகளில் தேக்குவது ஆகியவை அது சுட்டிக்காட்டும் வழிகளில் முக்கியமானவை. கவனியுங்கள், இவற்றில் பெரும்பாலானவை ஆழத்தில் நடப்பவை அல்ல, வயல் மட்டத்தில் நடப்பவை. அதாவது ஊரார் கண்ணால் பார்க்கக்கூடியவை, பதிவுசெய்யக்கூடியவை. உடல்நலத்துக்கும் சான்று உண்டு. பென்சில்வேனியா மாநிலத்தில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, இத்தகைய கிணற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசிக்கும் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் 25 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. அதே மாநிலத்தில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வுகள், கிணறுகளுக்கு அருகே ஆஸ்துமா முற்றுவதையும், ஒரு மைலுக்குள் வளரும் குழந்தைகளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு உயர்வதையும் பதிவுசெய்தன. பிரான்ஸ் 2011-இலும் நியூயார்க் மாநிலம் 2014-இலும் இந்த முறைக்குத் தடை விதித்தன.

அடுத்த சமாதானம், “அது அமெரிக்கக் கதை, இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை” என்பது. டெல்டாவில் மீத்தேனோ ஷேல் வாயுவோ எடுக்கவில்லை என்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி சொல்லிவருகிறது. ஆனால் கொள்கை வகுப்பவர்கள் இந்தப் படுகையை மறந்ததே இல்லை. மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்காக 2011 ஜனவரியில் தமிழக அரசே கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று எதிர்த்தார். அந்தப் பிரசாரப் பயணத்திலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் உயிர் நீத்தார். 2013-இல் ஷேல் வாயுக் கொள்கை வந்தது. 2018-இல், ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருக்கும் பகுதிகளிலேயே ஷேல், மீத்தேன் போன்றவற்றையும் தேடலாம், எடுக்கலாம் என்று மத்திய அமைச்சரவை அனுமதித்தது. இடையில் 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் எரிவாயுத் திட்டத்துக்கு எதிரான போராட்டம் வெடித்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று, நமக்குப் பக்கத்திலுள்ள கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பாய்ந்தது. எதிர்த்துத் திரண்டவர்கள்மீது தடியடியும் கைதும் நடந்தன. அந்தக் குழாய் ஃபிராக்கிங்குக்கானது அல்ல என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய் படிந்த மண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. பழைய முறையில் எடுக்கும்போதே பராமரிப்பு இந்த லட்சணம் என்றால், அதைவிடப் பன்மடங்கு நீரும் ரசாயனமும் கழிவும் கேட்கும் முறையை நம்பி எப்படி விடுவது?

2020 பிப்ரவரியில் நிறைவேறிய தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்துக்கு இப்போது வருவோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இதில் அடங்கும். பிரிக்கப்பட்ட மயிலாடுதுறை பின்னர் 2023-இல் சேர்க்கப்பட்டது. மண்டலத்துக்குள் எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு ஆகியவற்றைத் தேடுவதும், துளையிடுவதும், எடுப்பதும் தடைசெய்யப்பட்டவை. மீறினால் சிறைத் தண்டனை உண்டு. இவ்வளவு வரை எல்லோருக்கும் தெரிகிறது. தெரியாத பகுதி இதுதான்: சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. குழாய்ப் பாதை, சாலை, மின்சாரம் போன்ற உள்கட்டமைப்புப் பணிகளையும் தடுக்கவில்லை. ஆகவே பழைய கிணறு இயங்கலாம், பழைய குழாயைப் பழுதுபார்க்கலாம், புதிய குழாயும் பதிக்கலாம். பழைய கிணற்றைச் “சீரமைக்கிறோம்” என்று இயந்திரம் வந்து இறங்கும்போது, அது பழைய பணியின் தொடர்ச்சியா, அந்தப் பெயரில் நடக்கும் புதிய துளையிடலா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு முழக்கத்தால் விடை கிடைக்காது. தேதியிட்ட ஆவணத்தால் மட்டுமே கிடைக்கும்.

ஆவணத்தை யாரிடம் கேட்பது? தகவல் உரிமைச் சட்டப்படி மூன்று இடங்களில் தனித்தனியே கேட்க வேண்டும். ஓஎன்ஜிசி பொதுத்துறை நிறுவனம், எனவே அதன் பொதுத் தகவல் அலுவலரிடமே நேரடியாகக் கேட்கலாம். இரண்டாவது, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம். மூன்றாவது, மாவட்ட ஆட்சியர் அலுவலகம். கிணற்றின் பெயர் அல்லது எண், சர்வே எண், சுற்றுச்சூழல் அனுமதியின் எண்ணும் தேதியும், வாரியத்தின் இசைவாணை நகல், அது எந்தத் தேதிவரை செல்லும், கிணற்றில் எப்போதாவது நீரியல் விரிசல் செய்யப்பட்டதா, செய்திருந்தால் பயன்படுத்திய ரசாயனங்களின் பட்டியல், கழிவுநீர் எங்கே எப்படி அகற்றப்படுகிறது என ஒவ்வொன்றையும் தனி எண் போட்டுக் கேளுங்கள். “ஏன் செய்தீர்கள்?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லாமல் நழுவ வழி உண்டு. நகல் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். மாநில அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். மத்திய நிறுவனத்துக்கு அஞ்சல் ஆணையோ இணையவழிக் கட்டணமோ வேண்டும், வில்லை ஒட்டி அனுப்பினால் திரும்பி வரும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு கதவு சத்தமில்லாமல் மூடப்பட்டதையும் சொல்லியாக வேண்டும். 2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், எண்ணெய், எரிவாயு தேடும் கிணறுகளை ‘பி2’ வகைக்கு மாற்றியது. அந்த வகைக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் இல்லை, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை. எந்த மண்ணில் துளையிடப் போகிறார்களோ அந்த மண்ணின் மக்களைக் கேட்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், அதை நிர்வாகச் சீர்திருத்தம் என்று அழைப்பதை ஏற்க முடியாது. கூட்டம் நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள், தேடும் கட்டத்தில் கூட்டமே நடக்காது. அனுமதி விண்ணப்பங்களும் அனுமதிக் கடிதங்களும் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் ஏறுகின்றன. ஊருக்கு ஒரு பட்டதாரிப் பிள்ளையாவது மாதம் இருமுறை அதைத் திறந்து, தஞ்சாவூர் மாவட்டப் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். காரணம், அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடைக்காது.

நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, நிறுவனத்துக்கு நிலத்தைக் கொடுக்கும் குத்தகை. ஒப்பந்தத்தின் தமிழ் நகல் கையில் வராமல் கையெழுத்து வேண்டாம். எத்தனை ஆண்டு, எந்த சர்வே எண்ணில் எத்தனை சென்ட், எந்த வேலைக்கு, முடிந்ததும் மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது யார் செலவில் என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து எந்த நிலையிலும் கூடாது, கேட்பவர் தெரிந்தவராக இருந்தாலும் கூடாது. இரண்டாவது குழாய்ப் பாதை. இதற்கு 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்ச் சட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். நிலத்தின் உரிமை உங்களிடமே இருக்கும், பயன்பாட்டு உரிமை மட்டும் போகும். அதற்குப் பிறகு அந்தப் பட்டையில் கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ முடியாது. அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் தகுதியுள்ள அலுவலரிடம் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்தால், அவர் உங்களை நேரில் விசாரித்தாக வேண்டும். 21 நாள் என்பது 21 நாள்தான், அறுவடை முடியட்டும் என்று சட்டம் காத்திராது. பயன்பாட்டு உரிமைக்கு நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து விழுக்காடும், பயிருக்கும் மரத்துக்கும் ஏற்பட்ட சேதத்துக்குத் தனி இழப்பீடும் உண்டு. தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

எல்லாவற்றிலும் அதிகம் புறக்கணிக்கப்படுவது தண்ணீர்ப் பரிசோதனை. கிணற்றுக்கோ குழாய்ப் பாதைக்கோ அருகில் இருப்பவர்கள், இன்று எந்தக் கெடுதலும் இல்லாதபோதே தங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து வைக்க வேண்டும். உப்புத்தன்மை, குளோரைடு, கடினத்தன்மை போன்றவற்றைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். பென்சீன், கரைந்த மீத்தேன், பேரியம் போன்றவற்றுக்குத் தேசியத் தர அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும், செலவைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாம். மண்ணை வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கெட்ட பிறகு எடுக்கும் அறிக்கையை நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்: “முன்பும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்லையென்று எப்படிச் சொல்கிறீர்கள்?” முன்னர் எடுத்த அறிக்கை இல்லாதவருக்கு இதற்குப் பதில் கிடையாது. மறுபடியும் சொல்கிறேன், சோதனை முதலில், சேதம் வந்த பிறகு அல்ல.

கிராமங்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தீர்மானம் போட்டதோடு கலைந்துவிடாமல், தீர்மானப் புத்தகத்தின் நகலை முத்திரையோடு வாங்குங்கள். தாராசுரம் இப்போது கும்பகோணம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டதால் இங்கே கிராம சபை கிடையாது. வார்டு உறுப்பினர் கூட்டும் பகுதி சபையில் பொருளை எழுப்பி, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கும் மனுவுக்கு எண்ணிட்ட ரசீது வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். ரசீது இல்லாத மனு, கொடுக்காத மனுவுக்குச் சமம். வேளாண் மண்டலச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவுக்குத் தலைவர் ஆட்சியரே, ஆகவே மனுவில் அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். “மேலே அனுப்பியிருக்கிறோம்” என்ற ஒற்றை வரியோடு கோப்பை மூடும் அதிகாரிகளுக்கு, எந்தத் தேதியில் யாருக்கு எந்த எண்ணில் அனுப்பினீர்கள் என்ற அடுத்த கேள்வி காத்திருக்கிறது என்று தெரிய வேண்டும்.

கசிவு நடந்துவிட்டால் முதலில் தீப்பொறி எதுவும் நெருங்காமல் விலகுங்கள், கால்நடைகளை அப்புறப்படுத்துங்கள், தீயணைப்புத் துறைக்கும் காவல் துறைக்கும் சொல்லுங்கள். பாதுகாப்பான தூரத்திலிருந்து தேதி, நேரம் தெரியும்படி படமெடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், உதவி வேளாண் அலுவலர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூவரும் வந்து பார்த்ததற்கு எழுத்துப் பதிவு வேண்டும். அவர்கள் எடுக்கும் மாதிரிக்கு நகல் ரசீது கேளுங்கள். நிறுவனம் உடனடியாக நீட்டும் தொகைக்கு “முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கொடுக்காதீர்கள். இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டுக்குள் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் விண்ணப்பிக்கலாம். விபத்தாக இருந்தால், நிறுவனத்தின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. கேட்கும் தொகையில் ஒரு விழுக்காடு, குறைந்தது ஆயிரம் ரூபாய் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தவருக்கும் வருமான வரம்பு பாராமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். அதன் உதவி எண் 15100.

நாட்டுக்கு எரிவாயு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், நம் சமையலறைகளிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் வாயு எடுக்க வேறு இடங்கள் உண்டு, மாற்று எரிசக்தி உண்டு. அரசலாறும் குடமுருட்டியும் நூற்றாண்டுகளாகப் படியவைத்த வண்டலுக்கு மாற்று கிடையாது. நீரும் மண்ணும் கெட்டால் திருப்பித் தரும் தொழில்நுட்பம் எந்த நிறுவனத்திடமும் இல்லை. போராட்டத்தால் வந்தது வேளாண் மண்டலச் சட்டம். போராட்டம் ஓய்ந்த பின் அதைக் காப்பது அலுவலகக் கவுண்டரில் நிற்கும் பொறுமைதான். இந்த வாரமே ஒரு கோப்பு வாங்குங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் நகல், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, மனு ரசீது, தகவல் உரிமைப் பதில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அதில் அடுக்கி வையுங்கள். அந்தக் கோப்பு இல்லாத வீட்டை எந்தச் சட்டமும் காப்பாற்றாது.